நூற்றுக்காரர் வீடு

ஆய்வு நிலையத்திலிருந்து கடிதம் வந்தபோது ஏதோ பாராட்டு விழா என்றுதான் குற்றாலிங்கம் நினைத்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகத் தென்காசியில் பேருந்து ஏறினார். பாளையங்கோட்டை வரும்வரை அவர் முதுகு இருக்கையில் படவில்லை. ஆயுதப்படையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நின்ற முதுகு அது. எழுபத்தொரு வயதிலும் வளையச் சம்மதிக்கவில்லை.

அங்கே மேடையும் இல்லை, மாலையும் இல்லை. இருட்டாக்கிய ஒரு சிறிய அறையில் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. பக்கத்தில் டாக்டர் ஜெசிந்தா தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு, பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாதவரைப் போல நுண்ணோக்கியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"சார், இதுல ரெண்டு பேரோட தசை இருக்கு. பாத்துட்டு எது நல்லாருக்குன்னு சொல்லுங்க."

குற்றாலிங்கம் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் மெல்லிய பச்சைக் கோடுகள், நாற்று நட்ட வயல்போல வரிசை பிசகாமல் ஓடின. வெளிச்சம் மங்கல்தான். வலப்பக்கம் கண்ணைப் பறிக்கும் பச்சை. கட்டி கட்டியாக, அங்கங்கே தீப்பிடித்ததுபோல எரிந்தது. வலப்பக்கம்தான் நல்ல தசை, அதில் என்ன சந்தேகம் என்றார்.

"அது உங்களோடது, சார்."

அவர் முகத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

அந்தப் பச்சையின் கதை குற்றாலிங்கத்துக்கு மனப்பாடம். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், தசையில் மட்டும் இருக்கும் டெஸ்மின் என்ற புரதத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் இங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ள ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கினார். மோனோகுளோனல் ஆன்டிபாடி என்பார்கள். ஒரேயோர் எலியின் ஒரேயோர் உயிரணுவைப் பெருக்கி, அதன் வாரிசுகளை மட்டும் வளர்த்து எடுத்தது. கோடிக்கணக்கில் இருந்தாலும் எல்லாம் ஒன்றே போல இருக்கும், ஒன்றை மட்டுமே தேடிப் பிடிக்கும். அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவிட்டால், பிடித்த இடமெல்லாம் பச்சையாகத் தெரியும். ஒரே வம்சம், கலப்படமே இல்லாதது என்று குற்றாலிங்கம் அதைப் பற்றிக் கல்யாண வீடுகளில் சொல்வதுண்டு. சொல்லும்போது எலியைப் பற்றிச் சொல்கிறாரா, தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேட்பவர்களுக்குத் தெரியாது.

அன்று ஆயுதப்படையிலிருந்து அறுபது பேர் தொடையில் அரிசி அளவு தசை கொடுத்தார்கள். எல்லோரையும் விட அதிகமாக ஒளிர்ந்தது அவருடையது. அந்த உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். பிற்பாடு, வேலைக்கு ஆளெடுக்கத் தசைச் சான்று கட்டாயமானபோது, அந்த உயிரணுக்களின் வெளிச்சத்தையே நூறு என்று வைத்து மற்றவர்களை அளந்தார்கள். காவல்துறை, தீயணைப்பு, துறைமுகம் எதற்கும் அறுபது வேண்டும். கொஞ்ச நாளில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாகத் தரகர்கள் அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கினார்கள். கொடையாளர் பெயரை வெளியில் சொல்லக் கூடாதென்பது நிலையத்தின் விதி. ஆனால் குற்றாலிங்கமே ஊருக்குச் சொல்லிவிட்டார். தென்காசியில் அவர் வீட்டுக்கு நூற்றுக்காரர் வீடு என்றுதான் பெயர்.

டாக்டர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேராசிரியர் தேடியது நல்ல தசையை அல்ல. தன் எதிர்ப்பொருள் சரியாக ஒட்டுகிறதா என்று சோதிக்க, மிக அதிகமாக ஒளிரும் ஒரு மாதிரி அவருக்குத் தேவைப்பட்டது. எந்த ஆய்வகத்திலும் அப்படித்தான் எடுப்பார்கள். அவர் இறந்த பிறகு வந்தவர்கள் அந்த மாதிரியையே அளவுகோலாக்கிவிட்டார்கள். தசையை அளக்கும் கருவி மொத்த வெளிச்சத்தை மட்டும் எண்ணும். அது எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்காது. இத்தனை வருடமும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து யாரும் பார்க்கவில்லை.

"டெஸ்மின் ஒரு கயிறு மாதிரி, சார். தசை நாரையெல்லாம் வரிசையா இழுத்துக் கட்டி வைக்கும். உங்க தசையில அந்தக் கயிறு பிறவியிலேயே சரியா முறுக்கல. அறுந்து, சுருண்டு, கட்டியா சேந்துருக்கு. அதனாலதான் அவ்வளவு வெளிச்சம். இது ஒரு நோய்."

குற்றாலிங்கத்துக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கோபம்கூட வரவில்லை. எங்கோ தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப் போல விழித்தார். இன்று காலையிலும் மூன்று மைல் நடந்தேன், நோயாளி எப்படி நடப்பான் என்று கேட்டார்.

"சிலரை அது ஒண்ணும் பண்றதில்ல. ஏன்னு எனக்குத் தெரியாது, சார். ஆனா சிலருக்கு நெஞ்சுத் தசையைப் பிடிச்சுரும். நல்லா இருக்கிறப்பவே, ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே..."

டாக்டர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. குற்றாலிங்கத்தின் மகன் கந்தவேல் நான்கு ஆண்டுகளுக்கு முன் அதிரடிப்படைப் பயிற்சியில் ஓடும்போது விழுந்து இறந்தான். வயது இருபத்தொன்பது. எண் தொண்ணூற்றாறு. சீருடையில் செத்தான், எங்கள் வீட்டுப் பிள்ளை வேறெப்படிச் சாவான் என்று சாவு வீட்டில் கண்ணீர் விடாமல் நின்றவர் அவர். இப்போது அந்தச் சாவையும் யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது.

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். கொடையாளர் உயிரோடிருக்கும்வரை அவர் சம்மதமில்லாமல் அவர் தசையைப் பற்றி நிலையம் எதையும் வெளியிட முடியாது. தாளில் இரண்டு கட்டங்கள். முதலாவதில் கையெழுத்திட்டால் உண்மையைப் பெயரோடு வெளியிடலாம். இரண்டாவதில் கையெழுத்திட்டால் அவர் தன் கொடையைத் திரும்பப் பெறுகிறார். உயிரணுக்களை எரித்துவிடுவார்கள், ஆதாரமும் போய்விடும்.

"எண் கூடணும்னு ஊர் ஊரா வலுவூசி போட்டுக்கிறாங்க, சார். அது டெஸ்மினை அதிகமா சுரக்க வைக்குது. நம்பர் ஏறும். ஆனா நல்ல தசையிலயும் இதே கட்டி விழுது. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே நிறுத்திரலாம். பெயரில்லாம சொன்னா ஊசி விக்கிறவங்க நம்ப விடமாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குற்றாலிங்கம் எழுந்தார். திரும்பும் வழியில் அவர் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெளிச்சம் நோய் என்றால் மங்கல் ஆரோக்கியமா? நூறு தாழ்வு என்றால் நாற்பது உயர்வா? கணக்கைத் தலைகீழாகப் பிடித்து எத்தனை முறை பார்த்தாலும் அது பழையபடியே வந்து நின்றது. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இரண்டாவது கட்டத்தில் கையெழுத்திட்டால் வீட்டின் பெயர் அப்படியே இருக்கும்.

வீட்டில் மகள் வடிவு மட்டும்தான். தாய் இறந்து பல காலம் ஆயிற்று. வடிவுக்கு இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஐயாத்துரையின் மகன் முத்தரசனுக்கு அவளை நிச்சயம் செய்யவிருந்தார்கள். தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில் முத்தரசனின் சான்று குற்றாலிங்கத்தின் கைக்கு வந்தது. நாற்பத்து நான்கு. நாற்பது பேர் கூடியிருந்த இடத்தில், நூறு இருக்கும் வீட்டில் நாற்பத்து நான்குக்கு நாற்காலி கிடையாது என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பினார். வடிவு அன்று வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் பெரிதாகத் திறக்கவில்லை.

அன்று மாலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். உனக்குத் தொண்ணூற்றைந்து, ஆகையால் நீ உடனே நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டுமாம் என்று முடித்தார். அவர் வாழ்க்கையில் மகளிடம் அவ்வளவு பதற்றமாகப் பேசியதில்லை. வடிவு துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எப்பா, எனக்குத் தொண்ணூத்தஞ்சு இல்ல. நாப்பத்தாறு."

அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது.

"அந்தச் சான்று அண்ணனோட தசைக்கு வந்தது. ஒம்போது வருசத்துக்கு முன்னால மொதல்ல எனக்கு எடுத்தப்போ நாப்பத்தாறுதான் வந்துச்சு. சோதனை பண்ணுற எடத்துல இருந்தது அண்ணன்கூடப் படிச்சவன். அண்ணன் இன்னொரு தடவை தன் தொடையில எடுக்கச் சொல்லி, என் பேரு போட்ட குப்பியில போட்டுட்டான்."

எதற்காக என்று அவர் கேட்டார்.

"இந்த வீட்டுல பொறந்த எதுவும் தொண்ணூறுக்குக் கீழ வராதுன்னு நீங்கதான சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் நாப்பத்தாறுன்னு தெரிஞ்சா, செத்துப்போன அம்மாவைப் பத்தி ஊரு என்ன பேசும்? அண்ணன் அதுக்குத்தான் பயந்தான்." மடித்த துணிகளை எடுத்துக்கொண்டே, "நீங்க என்ன நெனைப்பீங்கன்னும் பயந்தான்" என்றாள்.

ஒன்பது வருடம் வீட்டுக்குள் ஒரு பொய் நடமாடியிருக்கிறது. அதற்காகக் குற்றாலிங்கம் கோபப்பட வேண்டும். ஆனால் மகள் பிழைத்துக்கொண்டாள் என்ற நிம்மதி கோபத்தை வரவிடவில்லை. நோய் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகாது, பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே எண் ஒரு வாரத்துக்கு முன் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் தெரிந்தது. தெரிந்ததால் அந்த நினைப்பில் நிற்காமல் எழுந்து முற்றத்துக்குப் போய், அங்கிருந்தே கேட்டார்.

"அப்போ நாப்பத்தி நாலு வந்த பையனைத் திருப்பி அனுப்புறப்போ நீ ஏன் சும்மா இருந்த?"

"சொன்னா அண்ணன் வேலை போயிருமேன்னு மொதல்ல நெனைச்சேன். அப்புறம்தான் அவன் செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்கிறது ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள நீங்க தட்டைத் திருப்பிட்டீங்க."

மறுநாள் காலை அவர் அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்பினார். தாளில் இன்னும் கையெழுத்திடவில்லை. எந்தக் கட்டம் என்றும் முடிவாகவில்லை. ஆனால் நாற்பது பேர் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதென்றால் முத்தரசனின் வாசலுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். இது ஒன்றாவது அவருக்குக் குழப்பமில்லாமல் தெரிந்தது.

உரக்கடையில் ஐயாத்துரை அவரைக் கண்டதும் திகைத்து எழுந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் குற்றாலிங்கம்தான் திகைத்தார். ஐயாத்துரை கடைக்குள் அழைத்து உட்கார வைத்தார், காப்பிக்குச் சொன்னார். நானே உங்களைப் பார்க்க வருவதாக இருந்தேன், நீங்களே முந்திக்கொண்டீர்கள், யார் உங்களிடம் சொன்னார்கள் என்று கேட்டார். எதை என்று குற்றாலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு வருத்தந்தான். இல்லேங்கல. ஆனா ரோசக்கார மனுசன் சொன்னதுல நியாயம் இருக்கும்னு பையனே சொல்லிட்டான். ஒன்றரை வருசமா வலுவூசி போட்டான். மாசம் ரெண்டு. போன வாரம் சான்று வந்துச்சு." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார். "எண்பத்தி ரெண்டு."

குற்றாலிங்கம் அதை வாங்கவில்லை.

ஐயாத்துரை உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று படிகள் இருந்தன. முத்தரசன் வந்தான். முப்பத்தொரு வயது. சுவரில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு காலை இறக்கி, அது நிலைக்கும்வரை நின்று, அடுத்த காலை இறக்கினான். மூன்று படிக்கு அவ்வளவு நேரம் ஆனது. வந்து நின்று, வாங்க மாமா என்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஊசி போட்டா மொதல்ல கொஞ்சம் அசதியா இருக்குமாம், அண்ணாச்சி" என்றார் ஐயாத்துரை. "தொண்ணூறு வந்துட்டா சரியாப் போயிரும்னு சொல்லுதாவ."

ஆயுதப்படையில் கலவரங்களைப் பார்த்தவர் குற்றாலிங்கம். கல்லெறியின் நடுவில் நின்றிருக்கிறார். அன்று அந்த உரமூட்டைகளுக்கு நடுவில் முத்தரசனின் முகத்தை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. நாற்பத்து நான்கு என்று அவர் வாசித்த தசை அன்று நாற்று நட்ட வயல்போல இருந்திருக்கும். அதைத் தன் தசையைப் போல ஆக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பியது அவருடைய வாய்.

அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். பேனா கேட்டார். உர மூட்டையின் மேல் வைத்து, முதல் கட்டத்தில், எல்லா எழுத்தும் தெரியும்படி பெயரை முழுதாக எழுதினார். அதன் பிறகு நின்றுகொண்டே, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். உரம் வாங்க வந்தவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"அப்போ எண்பத்தி ரெண்டு நல்லதில்லையா, அண்ணாச்சி?" ஐயாத்துரை இன்னும் சான்றை நீட்டியபடியே இருந்தார்.

"நாப்பத்தி நாலுதான் நல்லது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

முத்தரசன் படியில் உட்கார்ந்துவிட்டான். ஊசியை நிறுத்தினால் பழையபடி ஆகுமா என்று ஒன்றே ஒன்று கேட்டான். குற்றாலிங்கத்துக்குத் தெரியவில்லை. பிற்பாடு கேட்டபோது டாக்டர் ஜெசிந்தாவுக்கும் தெரியவில்லை. கொஞ்சம் ஆகலாம் என்றார்.

செய்தி வெளியான வாரமே வலுவூசியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்தவைதான் குற்றாலிங்கத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. வசை வரும் என்று காத்திருந்தார். வந்தது, ஆனால் கொஞ்சம்தான். ஊர் வேறு வேலையில் இறங்கிவிட்டது. முப்பத்தெட்டு வாங்கியவர்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். எண்பதுக்கு மேல் வாங்கியவர்கள் சான்றை ஒளித்தார்கள். தரகர் ஒருவர் வந்து, எண் நாற்பதுக்குக் கீழே உள்ள பெண் இருந்தால் சொல்லுங்கள், நல்ல இடம் இருக்கிறது என்றார். எண் மாறியிருந்தது. அதைச் சொல்லும்போது கழுத்து நிமிரும் விதம் மாறவில்லை.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் ஜெசிந்தா வீட்டுக்கே வந்தார். நுண்ணோக்கி வழியாகப் பார்த்தே மதிப்பிடும் புதிய முறை ஒன்றைத் தொடங்குகிறார்களாம். அதற்குப் புதிய அளவுத் தசை வேண்டும். நோய் இல்லையென்று உறுதிசெய்ய எடுத்துப் பார்த்த வடிவின் தசை நார்கள் அவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன, வடிவு சம்மதித்தால் எடுத்துக்கொள்வோம் என்றார்.

குற்றாலிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். தன்னையறியாமல் முதுகு நிமிர்ந்தது. போன பெயர் இன்னொரு வழியாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது. தன் மகள்தான் இனி அளவு. பதிலைத் தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"வேண்டாம், டாக்டர்" என்றாள் வடிவு.

இது பெருமையான விஷயமல்லவா, யோசித்துச் சொல் என்றார் அவர்.

"நாளைக்கு எந்த வீட்லயோ என் தசையை வச்சு ஒரு பையனைத் திருப்பி அனுப்புவாங்க, எப்பா. உங்களால கெட்டவங்கள்ல ஒருத்தனையாவது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒருத்தனைக்கூடத் தெரியாமப் போயிரும்."

அவள் சொன்னதில் பாதி புரிந்தது. மீதிப் பாதியைப் பிடிக்கப் பார்த்தார், நழுவியது. பிறகு எதை வைத்துத்தான் அளப்பது என்று டாக்டரைக் கேட்டார். நூறு பேருடையதைச் சேர்த்துப் பார்க்கலாம், வேலை கூடும் என்றார் டாக்டர். நூறு பேர் சேர்ந்தால் அதில் யாருடைய பெயர் இருக்கும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார்.

டாக்டர் போனதும் வடிவு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வியாழக்கிழமை தோறும் பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு அம்பாசமுத்திரம் போகிறாள். முத்தரசனைத் தசைப் பயிற்சிக்கு அழைத்துப் போய், கூடவே இருந்து, வீட்டில் விட்டு வருகிறாள். போகலாமா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. கல்யாணம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, ஐயாத்துரையும் எடுக்கவில்லை. போன வாரம் அவன் படியில் சுவரைப் பிடிக்காமல் ஒரு காலை இறக்கினான் என்று மட்டும் சொன்னாள்.

குற்றாலிங்கம் வாசல்வரை வந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மகள் எங்கே கிளம்பிவிட்டாள் என்று கேட்டார்.

"அம்பாசமுத்திரத்துக்கு" என்றார் குற்றாலிங்கம்.

என்ன உறவுமுறையில் போகிறாள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தபடி, அவள் ஏறிய பேருந்து திருப்பத்தில் மறைந்த பிறகும் குற்றாலிங்கம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.